மச்சான் பெயரில் வாங்கும் தரகர்

கேள்வி (காவேரிப்பட்டணம்): எங்கள் மாந்தோப்பு 1 ஏக்கர் 20 சென்ட். 2 சதவீத கமிஷன் பேசி ஒரு தரகரிடம் விட்டோம். ‘சென்ட் 40,000க்கு மேல் போகாது’ என்றார். நம்பி, அவர் கூட்டிவந்தவரிடம் அட்வான்ஸ் வாங்கி, கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பார்த்தால் அவர் தரகரின் மச்சானாம்! இப்போது அதே தோப்புக்கு வெளியில் 55,000 சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: 120 சென்டுக்கு 18 லட்சம் வித்தியாசம். சின்னத் தொகை இல்லை.

கமிஷன் பேசி உங்களுக்காக விற்றுத்தர ஒப்புக்கொண்டவர் சட்டப்படி உங்கள் முகவர். தானே வாங்குவதென்றால் உங்களிடம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே வாங்க வேண்டும். மறைத்து வாங்கினால் பேரத்தை நீங்கள் நிராகரிக்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215ஆவது பிரிவு. அவருக்குக் கிடைத்த லாபத்தையே கேட்க இடம் தருகிறது 216. முறைகேடாகச் செய்த வேலைக்குக் கமிஷனும் கிடையாது, அது 220.

‘மச்சான் தன் சொந்தக் காசில் வாங்குகிறார், எனக்கென்ன?’ என்பார் தரகர். வழக்கு தடுக்குவது அங்கேதான். ஆகவே அட்வான்ஸ் யார் வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். தரகர் கணக்கென்றால் உங்கள் கை ஓங்கும். ரொக்கமாக வாங்கியிருந்தால் திண்டாட்டம். கமிஷன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘தங்களுக்கோ தாங்கள் காட்டும் நபருக்கோ’ என்று இருக்கிறதா பாருங்கள். வழக்கமான வரிதானே என்று விட்டுவிடுகிறோம். கைமாற்றி விற்க அதுதான் வாசல்.

பவர் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள். சும்மா இழுத்தடிப்பதும் ஆபத்து, கிரயம் செய்து தரச் சொல்லி அவர்களே வழக்குப் போட்டுவிடலாம். கெடு முடிவதற்குள் வக்கீல் நோட்டீஸ் போகட்டும். மறைத்ததால்தான் விலகுகிறோம், அட்வான்ஸைத் திருப்பித் தரத் தயார் என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி (ஓசூர்): மனை காட்டும் தரகரும் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிந்திருக்க வேண்டுமா?

பதில்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ஆம். (மேலே உள்ள தோப்புக்கு ரெரா வராது.) மனைப்பிரிவின் பதிவு எண் வேறு, தரகரின் எண் வேறு; ஒன்றைக் காட்டி மற்றதை மழுப்புவார்கள், இரண்டையும் கேளுங்கள். பதியாமல் விற்றுத்தரும் தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.