காரோடு கப்பலேறி லண்டன்: நோர்வே விசா போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வூதியர்கள். நோர்வேயிலுள்ள மகனிடம் போக விசா கிடைத்துவிட்டது. அங்கிருந்து அவருடைய காரில் கிறிஸ்தியான்சான்டில் கப்பலேறி டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ், பிறகு ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் வழியாகப் பிரான்சின் கலே துறைமுகம், அங்கிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கப்பல் என்று லண்டன் போய், என் தங்கையின் மகளுடைய கலியாணம் முடிய அதே வழியால் திரும்ப யோசனை. 'மகனுடைய கார்தானே, கப்பலில் குடும்பமாகப் போனால் விசா பார்க்கமாட்டார்கள்' என்கிறார் இங்குள்ள ஏஜென்சிக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பவேண்டாம் ஐயா. நோர்வே விசா பிரித்தானியாவுக்குச் செல்லாது. பிரித்தானிய விசா இல்லாமல் லண்டன் இருக்கட்டும், கலேயில் கப்பலேறவே விடமாட்டார்கள். அங்கே கார் வரிசையில் முதலில் பிரெஞ்சுப் பொலிசின் கூண்டு. அதைத் தாண்டினால், பிரெஞ்சு மண்ணிலேயே பிரித்தானிய எல்லை அதிகாரியின் கூண்டு. நமக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களைத் தலைமன்னாருக்குக் கப்பலேற்றுமுன் இலங்கை அரசு இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் வைத்துத்தான் சோதித்தது. அதே வேலைதான் கலேயிலும். கார் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. கண்ணாடியை இறக்கியதும் ஆளுக்கொரு கடவுச்சீட்டு கேட்பார்கள். மகன் நோர்வேக் குடிமகன் என்பது மகனுக்குத்தான் உதவும்.

இப்போது உங்கள் கடவுச்சீட்டை எடுத்து விசா ஒட்டியைப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 01, 02 அல்லது 'மல்ட்' (பலமுறை) என்று இருக்கும். 01 என்றால் செங்கன் நாடுகளுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், ஒருமுறைதான் நுழையலாம். நோர்வே, டென்மார்க் இரண்டுமே செங்கனுக்குள் இருப்பதால் முதல் கப்பல் கணக்கில் வராது. ஆனால் பிரித்தானியா செங்கனுக்கு வெளியே, அதனால் கலேயில் வெளியேறிய அன்றே அந்த 01 முடிந்துவிடும். ஒட்டியில் இன்னும் 40 நாள் மிச்சமிருந்தாலும் அது உங்களுக்குப் பயன்படாது. பிரித்தானிய விசாவோடு லண்டன் போய்ச் சேர்ந்தாலும், திரும்பும்போது டோவரில் கப்பலேறுமுன் பிரெஞ்சுப் பொலிஸ் மறித்துவிடும். கொழும்புக்கான டிக்கெட் ஒஸ்லோவிலிருந்து, பெட்டிகள் மகன் வீட்டில், நீங்கள் இருவரும் டோவரில்.

ஏஜென்சிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பலர் விண்ணப்பத்தில் 'ஒருமுறை' என்ற பெட்டியில் யோசிக்காமல் அடையாளமிடுகிறார்கள். உங்கள் விண்ணப்பத்தில் லண்டன் போகும் யோசனையை எழுதினார்களா என்று கேட்டுப் பாருங்கள். 'முத்திரையை ஒருவரும் எண்ணமாட்டார்கள்' என்ற கதையும் இனிச் செல்லாது. 2025 ஒக்டோபர் 12 இலிருந்து செங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் விரலடையாளமும் கணினியில் ஏறத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றையும்விட மோசமானது இரவல் காசில் வங்கிக் கணக்கை வீங்கவைத்து, இல்லாத வருமானத்துக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பது. பொய் ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியாவுக்குள் 10 வருடம் தடை வரும். தடை உங்களுக்கு, கட்டணம் அவருக்கு. அவர் அதே கடையில் அடுத்த ஆளுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை விசாவோடும் சரிவரக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. நோர்வேக்குத் திரும்பாமல் லண்டனிலிருந்தே கொழும்புக்குப் பறந்துவிடுவது. அப்படியானால் மகனோடு இருக்கும் நாட்களை முதலில் முடியுங்கள், கலியாணத்தைக் கடைசியில் வையுங்கள், பெட்டிகளையும் காரிலேயே ஏற்றுங்கள், மகன் தனியே திரும்பட்டும். விமானம் நேராக வரவேண்டும், அல்லது டோகா, டுபாய் போன்ற இடத்தில் மாறவேண்டும். மலிவாக இருக்கிறதென்று பிராங்பேர்ட்டிலோ பரிசிலோ மாறும் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். அங்கே விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேறு விசா கேட்பார்கள். ஒஸ்லோ போய் லண்டனிலிருந்து திரும்பும் டிக்கெட்டை ஒன்றாகவே எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் மாற்றக் கூலி எவ்வளவு என்று இன்றே கேளுங்கள்.

ஒட்டியில் 01 இருந்தும் அதே வழியால்தான் திரும்புவோம் என்றால் பலமுறை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். ஒட்டிய விசாவில் 01 ஐ 02 ஆக்கித் தரமாட்டார்கள். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023 இல் மூடப்பட்டபின் முடிவெடுப்பது டில்லி. விரலடையாளம் வைக்க நீங்கள் இரவு பஸ்ஸில் கொழும்புக்கு, கடவுச்சீட்டு கடல்கடந்து டில்லிக்கு. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. எழுபது வயதுக்காரரை ஏ9 வீதியில் இப்படி ஏற்றி இறக்குவது என்ன நியாயமோ தெரியவில்லை.

எந்த வழியென்றாலும் பிரித்தானிய விசா தனியாக வேண்டும், அதையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். ஓய்வூதியச் சிட்டை, கலியாண அழைப்பு, தங்கை குடும்பத்தின் கடிதம் இவற்றோடு காணிப் பத்திரத்தையும் சேருங்கள். வன்னியில் பலருக்குச் சொந்தக் காணிக்கான உறுதிப் பத்திரம் இல்லை, அரசின் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் பெர்மிற் காணிதான். அதை மறைக்காமல், உறுதியென்று எழுதாமல், பெர்மிற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அப்படியே வையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

விசா கையில் வரும்வரை மகன் இரத்துச் செய்யக்கூடிய கப்பல் டிக்கெட்டே எடுக்கட்டும். காருக்கு மேல் பெட்டி பூட்டினால் பதியும்போது அதையும் சேர்த்து உயரம் சொல்லவேண்டும். கடவுச்சீட்டுகளை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், முன் இருக்கையில் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும்.