வீடா, வண்டியா? கலிஃபோர்னியத் தெருக்களில் வேனில் வசிப்பது பற்றிய கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலஸில் வண்டிகளில் வசிப்போருக்கு உதவும் மேசையொன்றில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன். அபராதச் சீட்டுகளை நிறையப் படித்தவன், அவ்வளவே.

கேள்வி: வேனில் தூங்குவது லாஸ் ஏஞ்சலஸில் குற்றமா?

தூங்குவதையும் குடியிருப்பதையும் சட்டம் பிரித்துப் பார்க்க முயன்று தடுமாறிய கதை இது. வண்டியைக் 'குடியிருப்பாக'ப் பயன்படுத்தக்கூடாது என்று அந்நகரம் 1983இல் விதி செய்தது. எது குடியிருப்பு என்று அந்த விதி சொல்லவில்லை. போர்வையும் உணவும் மாற்றுடையும் வண்டியில் இருந்தால் குற்றமென்றால், மலைப்பயணம் முடித்துத் திரும்புபவரும் குற்றவாளிதான். இவ்வளவு தெளிவற்ற விதி யாரையும் தேர்ந்தெடுத்துத் தண்டிக்க இடம் தருகிறது என்று கூறி, 2014இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) அதைச் செல்லாததாக்கியது. 2017இல் நடைமுறைக்கு வந்த மாற்று விதி, குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையிலும், பள்ளி, பூங்கா ஆகியவற்றின் அருகே எந்நேரமும் வண்டியில் வசிப்பதைத் தடுத்தது. அது குறுகிய காலத்துக்கென இயற்றப்பட்டு அவ்வப்போது நீட்டிக்கப்பட்ட விதி. ஆகவே பழைய வரைபடத்தை யாராவது அனுப்பினால் அதை நம்பாதீர்கள்; தெருவிலுள்ள பலகையைப் படியுங்கள்.

கேள்வி: 72 மணி நேர விதி என்கிறார்களே, வண்டியைச் சற்றே முன்னே தள்ளி நிறுத்தினால் போதாதா?

போதாது என்று எண்ணிக்கொள்வதே நல்லது. ஓரிடத்தில் தொடர்ந்து 72 மணி நேரம் நின்ற வண்டியை, உள்ளூர் விதி இருக்குமானால், இழுத்துச் செல்ல மாநில வாகனச் சட்டம் அனுமதிக்கிறது. வண்டி எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று அறிய அதிகாரிகள் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவதை எதிர்த்துச் சான் டியேகோவிலிருந்து ஒரு வழக்கு போனது. 2022இல் அதே ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் அது தவறில்லை என்றது. இதைவிடப் பெரிய ஆபத்து, வாகனப் பதிவு காலாவதியாகி ஆறு மாதத்துக்கு மேல் ஆன வண்டி. அதை இழுத்துச் செல்ல 72 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மெத்தை வாங்கும் முன் பதிவைப் புதுப்பியுங்கள்.

கேள்வி: கூரையில் எத்தனை வாட் சூரியத் தகடு போடலாம்?

இது என் துறையன்று. ஆனால் மின்சாரம் போதவில்லை என்று கேஸ் அடுப்பை மூட்டிக் குளிர்காயாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூங்குபவரை அது எழுப்பாது.

கேள்வி: சான் ஹோசேயில் வேனில் தூங்கலாமா?

முதல் பதிலின் கடைசி வரியைப் பாருங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.

கேள்வி: சிலிக்கன் பள்ளத்தாக்கிலுள்ள மௌண்டன் வியூவில் வீடு வாங்கி வரி கட்டுகிறேன். பெரிய வண்டிகளைத் தடுக்க 2020இல் நாங்கள் வாக்களித்தோம். தெரு வண்டிகளுக்கானதே தவிர வீடுகளுக்கானது அன்று. இதில் என்ன தவறு?

நீங்கள் வாக்களித்த விதியில் 'வசிப்பவர்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. 40 அடியும் அதற்குக் குறைவுமான அகலமுள்ள தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தக்கூடாது என்கிறது அது. போக்குவரத்துப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். யாரை நினைத்து என்பது ஊருக்கே தெரியும். அந்த விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2022இல் உடன்பாட்டில் முடிந்தது.

சியாட்டில் வாசகர் குறுக்கிடுகிறார்: எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் லாரியையே வீடு என்று சொல்லிவிட்டதே!

சொன்னது. லாங் என்பவர் வசித்த லாரியை நகரம் இழுத்துச் சென்று 557 டாலர் கேட்டது. கடனுக்காக வீட்டைப் பறிப்பதைத் தடுக்கும் வீட்டுடைமைப் பாதுகாப்புச் சட்டம் அந்த லாரிக்கும் பொருந்தும் என்றும், அவருடைய வருமானத்துக்கு அத்தொகை மிகையான தண்டம் என்றும் தீர்ப்பு வந்தது. ஆனால் அது வாஷிங்டன் மாநிலத் தீர்ப்பு; கலிஃபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது.

மௌண்டன் வியூ வாசகர் மீண்டும்: வீடென்றால் அது ஏன் நகர்கிறது?

நல்ல கேள்வி, இதைத்தான் பேச விரும்பினேன். சான் டியேகோவில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு நடமாடும் வீட்டை (ஓட்டிச் செல்லக்கூடிய வீட்டு வண்டியை) அதிகாரிகள் சோதனை ஆணை இல்லாமல் சோதித்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அந்த வண்டி உடனே ஓடக்கூடியது, ஆகவே வண்டிக்குரிய விதியே பொருந்தும், சோதனை ஆணை தேவையில்லை என்றது நீதிமன்றம். கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, குடிநீர், மின் இணைப்புகள் கொடுத்திருந்தால் என்ன என்ற கேள்வியை மட்டும் தீர்க்காமல் விட்டது. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 72 மணி நேர விதி 'நகர்ந்துகொண்டே இரு' என்கிறது. நகர்ந்தால் வீட்டுக்குரிய அந்தரங்கம் போகிறது. கட்டை வைத்து நிறுத்தினால் அந்தரங்கம் கிடைக்கலாம், ஆனால் வண்டியே போய்விடும். உங்கள் 'ஏன் நகர்கிறது' என்பதற்குப் பதில், நகர்த்தச் சொன்னவர்கள் நாம் என்பதுதான்.

அவரே: கழிவுநீரை எங்கள் வாசலில் ஊற்றுவதையும் நியாயப்படுத்துவீர்களா?

மாட்டேன். உங்கள் ஊரின் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு ஏதுமின்றிச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போகிறது. அதில் ஊற்றுவது குற்றம், குற்றமாகவே இருக்க வேண்டும். ஆனால் தொட்டியைக் காலி செய்ய ஊருக்குள் ஓரிடமாவது வைத்துவிட்டுப் பிறகு தண்டியுங்கள். சாண்டா பார்பராவில் 2004 முதல் இரவில் பாதுகாப்பாக வண்டி நிறுத்த இடம் தரும் திட்டம் நடக்கிறது. செய்ய முடியாத காரியம் அன்று.

கேள்வி: 2024 தீர்ப்புக்குப் பிறகு வேனில் தூங்கலாமா, கூடாதா?

மூன்றாம் முறை. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், பொதுவிடத்தில் முகாமிடுவதைத் தண்டிப்பது அரசியலமைப்பு தடுக்கும் 'கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனை' ஆகாது என்று மட்டுமே உச்ச நீதிமன்றம் சொன்னது. தடை செய்யவும் செய்யாமலிருக்கவும் ஊருக்கு உரிமை உண்டு. பலகையைப் படியுங்கள். அடுப்பை மூட்டாதீர்கள்.

கேள்வி: குழந்தையுடன் வேனில் இருக்கிறேன். முகவரிச் சான்று இல்லாமல் பள்ளியில் சேர்ப்பார்களா?

சேர்த்தாக வேண்டும், அம்மா. 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, வண்டியில் வசிக்கும் குழந்தை வீடற்ற குழந்தையாகக் கருதப்படும். முகவரிச் சான்றோ தடுப்பூசி அட்டையோ கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். முன்பு படித்த பள்ளியிலேயே தொடரவும், அங்கே போய்வரப் போக்குவரத்து வசதி கேட்கவும் உரிமை உண்டு. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஒரு தொடர்பாளர் இருக்கிறார். வரவேற்பு மேசையில் மறுத்தால் வாதாட வேண்டாம். அந்தத் தொடர்பாளரின் பெயரைக் கேட்டு அவரிடம் பேசுங்கள்.