மேக் போலவே ஒரு கணினி: வாங்கியவருக்கு வழக்கு உண்டா, வழி உண்டா?

கேள்வி: கும்பகோணத்தில் திருமண வீடியோ எடுத்து, தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். உதவியாளர் கிடையாது, எல்லாம் நானேதான். சென்ற தை மாதம் சென்னையில் ஒரு கடையில் 85,000 ரூபாய்க்குக் கணினி ஒன்று வாங்கினேன். ‘பெட்டி நாங்கள் அசெம்பிள் செய்தது. உள்ளே ஓடுவது ஆப்பிளின் அசல் மேக் ஓஎஸ். அதை அவர்களே இலவசமாகத்தான் தருகிறார்கள். அப்டேட் எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பெட்டியின் முகப்பில் ஆப்பிள் ஸ்டிக்கரும் ஒட்டித் தந்தார். அண்மையில் ஓர் அப்டேட் போட்டதிலிருந்து ஒலி வரவில்லை, வைஃபை இல்லை, வேலை நடுவில் நின்றுவிடுகிறது. சரிசெய்ய 12,000 கேட்கிறார். ‘இதைக் கொடுத்துவிட்டு 40,000 போட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றும் சொல்கிறார். நான் செய்தது குற்றமா? பணம் திரும்பக் கிடைக்குமா? அசல் வாங்குவதா, இன்னொன்று இதுபோலவே வாங்குவதா?

பதில்: இன்னொன்று வாங்காதீர்கள். 12,000 ரூபாயும் கொடுக்காதீர்கள். மற்றதை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தின் கணினியைப் போலவே வேலை செய்யும் கணினியைச் செய்வது தன்னளவில் குற்றமல்ல. 1982இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் கணினிக்கு இணையான ஒன்றை அறிவித்தது. கணினியைத் தொடக்கிவைக்கும், ஐபிஎம்முக்கே உரிய பயோஸ் நிரலை அது நகலெடுக்கவில்லை. அந்த நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத பொறியாளர்களை வைத்துப் புதிதாக எழுதிக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவில் இன்று நீங்கள் பாகம் பாகமாகப் பொறுக்கி அசெம்பிள் செய்துகொள்ளும் கணினிகள் எல்லாம் அந்த வம்சம்தான். அதே காலத்தில் ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்குப் போட்டியாக ஏஸ் 100 என்று ஒன்றை விற்றது. அது நிரல்களை அப்படியே பெயர்த்து எடுத்திருந்தது. ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயரும் ‘ஆப்பிள்சாஃப்ட்’ என்ற சொல்லும் ஃபிராங்க்ளினின் நிரலுக்குள் அழிக்கப்படாமல் கிடந்தன. 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் நின்றதில் வியப்பில்லை.

ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் பெட்டியில், அதாவது மதர்போர்டிலும் நினைவகத்திலும் கிராஃபிக்ஸ் அட்டையிலும், எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் உள்ளே ஏற்றப்பட்ட மென்பொருளில் இருக்கிறது. ஆப்பிள் இலவசமாகத் தருகிறது என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2013 முதல் தன் இயங்குதளமான மேக் ஓஎஸ்ஸின் புதிய பதிப்புகளுக்கு ஆப்பிள் தனியாகக் காசு வாங்குவதில்லை. ஆனால் அதன் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. கோயிலில் அன்னதானம் இலவசம்தான். அதற்காக அந்தச் சோற்றைப் பொட்டலம் கட்டி வாசலில் விற்க முடியுமா?

உங்கள் கடைக்காரர் செய்வதையே அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் பகிரங்கமாகச் செய்தது. உங்கள் கடைக்காரரைவிட அதற்கு நல்ல வாதமும் இருந்தது. அப்போது மேக் ஓஎஸ் வட்டாகக் கடையில் விற்றது. சைஸ்டார் அதைக் காசு கொடுத்து வாங்கி, விற்ற ஒவ்வொரு கணினியோடும் ஒரு வட்டு வைத்துக் கொடுத்தது. இருந்தும் 2009 நவம்பரில் தோற்றது. கணினிகளில் ஏற்றப்பட்டது வாங்கிய வட்டிலிருந்த நகல் அல்ல, சைஸ்டார் தானே மாற்றியமைத்து உருவாக்கிய நகல் என்பதை நீதிபதி பிடித்துக்கொண்டார். அடுத்த மாதமே நிரந்தரத் தடை. ‘தன் மென்பொருளைத் தன் கணினியோடு கட்டிப்போடுவது பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது’ என்ற வாதத்தையும் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்கப்போவது இதைத்தான்.

இனி நம் சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அதற்காக நகலெடுத்துக்கொள்ளலாம் என்கிறது. விற்பனைக்காக ஏற்றித் தருபவர் இதற்குள் புகுந்துகொள்வது கடினம். அவர் மீது பாய்வது 63ஆம் பிரிவு. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிணையில் வர இயலாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஸ்டிக்கருக்காக வணிகச் சின்னச் சட்டத்தின் 103ஆம் பிரிவு தனியே காத்திருக்கிறது. அந்த ஸ்டிக்கரை மட்டும் நீங்கள் கிழித்துவிடாதீர்கள். அது உங்கள் சாட்சி.

உங்களைப் பற்றிப் பேசுவது 63பி பிரிவு. உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். உங்களுடையது தொழில் என்பதால் அந்தச் சலுகையை நம்ப முடியாது. உங்களுக்குத் துணை நிற்பது ‘தெரிந்தே’ என்ற சொல். அசல் மென்பொருள் என்று கடைக்காரரே எழுதித் தந்திருக்கிறார், நீங்கள் நம்பினீர்கள். இதுவரை அது நல்ல பதில். இந்தப் பதிலைப் படித்தபின் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே பயன்பாட்டை நிறுத்துங்கள். வீடியோ தொகுக்கும் மென்பொருளையும் அவரே ஏற்றித் தந்திருந்தால், அது யார் கணக்கில் வாங்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் இழுபறியாக வந்தால் அதுவும் திருட்டு நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்புமா? தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று கடைக்காரர் தரப்பு சொல்லும். அதற்குப் பயப்பட வேண்டாம். கோவை பிஎஸ்ஜி தொழிற்கூடம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தட்டச்சு இயந்திரம் வாங்கி, பிறருக்குத் தானே தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைப்பவர் நுகர்வோர்தான். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது, ஏனென்றால் அது அப்படிப்பட்ட சுயதொழில் அல்ல. ஆள் வைக்காமல் நீங்களே உட்கார்ந்து வேலை செய்வது இங்கே உங்களுக்குச் சாதகம். ஒரே தொழில், ஒரு சட்டத்தில் உங்களைக் காப்பாற்றுகிறது, இன்னொன்றில் மாட்டிவிடுகிறது.

ஆனாலும் முழுத் தொகையும் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அசெம்பிள் செய்த பெட்டி என்பதை அறிந்தே வாங்கினீர்கள். ‘இவருக்கும் எல்லாம் தெரியும்’ என்ற வாதம் கட்டாயம் வரும். உங்கள் வழக்கின் பலம் இரண்டே வாக்கியங்களில் இருக்கிறது: மென்பொருள் அசல் என்றது, அப்டேட் எங்கள் பொறுப்பு என்றது. முதலாவது தவறான வாக்குறுதி, இரண்டாவது சேவைக் குறைபாடு. அந்த உரையாடலை அழிக்காமல் கைப்பேசியிலேயே வைத்திருங்கள். அதை ஆவணமாக்க, மின்னணுப் பதிவுகளுக்கான 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ரசீதில் வெறும் ‘சிபியு - 1’ என்று மட்டும் இருந்தால் வாட்ஸ்அப்தான் உங்கள் முழு வழக்கும்.

இப்போது விலைக் கணக்கு. ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான, எம்4 சில்லுள்ள மேக் மினி 2024 இறுதியில் வெளியானபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை 59,900 ரூபாய். திரையும் விசைப்பலகையும் தனி, உள் சேமிப்பும் 256 ஜிபிதான். வீடியோவுக்கு வெளியே ஒரு எஸ்எஸ்டி சேமிப்பகம் வாங்கித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் அந்த விலைக்கு நீங்கள் கொடுத்த 85,000க்குள் அடங்கிவிடும், ஓராண்டு உத்தரவாதமும் சேரும். இன்னொன்றையும் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இன்டெல் சில்லுகளுக்கு மேக் ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அவர் அசெம்பிள் செய்யும் வகைக் கணினிகளுக்கு இனிப் புதிய பதிப்பே வராது. எதற்கு 40,000 கேட்கிறார் என்று புரிகிறதா?

அசல்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையில் இருக்கும் பெட்டி நல்ல பெட்டி. ஆப்பிளின் தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட்டில் வேலைகள் இருந்தால், அவற்றை எக்ஸ்எம்எல் கோப்பாகவும் (எந்தத் துண்டு எங்கே வருகிறது என்ற குறிப்பு) மூல வீடியோக்களைத் தனியாகவும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் அந்த நிறுவலில் வேலை வேண்டாம். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றி, உறையிலிட்டு, தேதி போட்டு வைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் நிபுணர் ஆய்வுக்குக் கேட்டால் அதுதான் ஆதாரம். புதிய எஸ்எஸ்டி ஒன்று போட்டு, உரிமத்துடன் விண்டோஸ் நிறுவி, டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் அந்தக் கோப்பைத் திறக்கலாம். திரையில் வரும் சில தலைப்புகளும் எஃபெக்டுகளும் வராமல் போகலாம். முகூர்த்த சீசனுக்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரருக்கு 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பெட்டியைத் திருப்பித் தந்து முழுத் தொகை கேட்கலாம். அல்லது அதை வைத்துக்கொண்டு விண்டோஸ் உரிமத்தின் விலையையும் இழப்பீடாக ஒரு தொகையையும் கேட்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சீக்கிரம் முடியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவைக் குறிப்பிட்ட அறிவிப்பைப் பார்த்தபின் நீதிமன்றம் ஏற விரும்பும் கடைக்காரர்கள் குறைவு. ஆனால் ‘பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்’ என்று நீங்களே செய்தி எதுவும் அனுப்பிவிடாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். அவர் மசியவில்லை என்றால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இணையம் வழியாகவும், புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. அதை வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.