மூன்று மீட்டர் கைரேகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளாஸ்டிக் மாடல் கிட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஒன்று வாங்கினேன். ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் விண்கப்பல் மில்லேனியம் ஃபால்கன், ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144இல் ஒரு பங்காகப் போடுவது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பசையே இல்லாமல் பாகங்கள் கச்சிதமாக உட்கார்ந்தபோது இருந்த சந்தோஷம், பெயின்ட் அடித்த பிறகு போய்விட்டது. கறுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கும்படி நீர்க்கக் கரைத்த பெயின்ட், ஊற்றினேன், கோடெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஓரங்களில் வெள்ளி நிறம் தேய்த்தேன். போன வாரம் மழையோடு மழையாக, பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் பார்த்தால் மேலே விபூதி பூசினாற்போல வெள்ளை படர்ந்திருக்கிறது. படத்தில் நிஜக் கப்பலாகத் தெரிவது என் மேஜைக்கு வந்ததும் ஏன் பொம்மையாகிவிடுகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பக்கத்துக்கு நான் பெயின்டே அடிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மற்றவர்கள் செய்வதைப் பார்த்தால் ஒவ்வொரு தகட்டையும் படப்பிடிப்பு மாடலோடு ஒப்பிட்டு நிறம் கலக்கிறார்கள். நான் செய்தது ஏமாற்று வேலையா? பெயின்டைப் புகைபோலத் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாதவன் இதில் இறங்கவே கூடாதா? வயது 41 ஆகிறது. "மாப்பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்துட்டா போதும், வீட்ல சத்தமே இருக்காது" என்கிறார் என் மாமியார்.

நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். வெளியிட்டால் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்,
திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமியார் சொல்வது சரி. பொம்மைதான். ஆனால் நீங்கள் எதோடு ஒப்பிட்டு நொந்துபோகிறீர்களோ, அதுவும் பொம்மைதான்.

ஸ்பிட்ஃபயர் விமானத்தின் கிட் செய்கிறவனுக்கு ஓர் அசல் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போய் அளந்து பார்க்கலாம், ஆணி எண்ணலாம். நம் விஷயத்தில் அந்தக் கதையே இல்லை. 1975இல் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சினிமா தந்திரக்காட்சி நிறுவனம் தொடங்கியது. 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக அங்கே செய்த ஃபால்கன் ஏறக்குறைய ஐந்தடி. அடுத்த படத்துக்கு, 1980இல், தூக்கித் திருப்ப வசதியாக 32 அங்குலத்தில் சின்னதாக ஒன்று செய்தார்கள். அவற்றின் மேல் குழாய், வால்வு, பெட்டி என்று அப்பியிருப்பதெல்லாம் அன்று கடையில் விற்ற டாங்க், கார், விமான கிட்களிலிருந்து பிய்த்து ஒட்டியவை. இந்த வழி அவர்களுக்கும் முன்பே இருந்தது. 1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துக்காக 54 அடி நீளத்தில் டிஸ்கவரி கப்பலைச் செய்தவர்களும் கடை கிட்களின் உதிரிகளைத்தான் வாரி ஒட்டினார்கள்.

ஆகவே உங்கள் ஃபால்கனின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் ஒட்டிய இரண்டாம் உலகப் போர் டாங்க் பாகங்கள், அரிசி அளவுக்குச் சுருங்கி, அங்கே இருக்கும். எந்தப் புடைப்பு எந்த கிட்டின் எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதையே வருடக்கணக்கில் ஒரு வேலையாகச் செய்துவரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கச் சொன்னால் மாட்டேன்.

கீழ்ப்பக்க விவகாரத்துக்கு வருகிறேன். ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த எண்டர்பிரைஸ் விண்கப்பல் மாடல், பதினோரு அடிக்குமேல் நீளம், இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது பக்கம் முடிக்கப்படவே இல்லை. உள்ளே விளக்குகளுக்குப் போகும் ஒயர்கள் அந்தப் பக்கமாகத்தான் நுழைகின்றன. கேமரா வலது பக்கத்தை மட்டும் பார்த்தது. அரை நூற்றாண்டாக உலகம் வாயைப் பிளந்து பார்க்கும் கப்பலுக்கே ஒரு பக்கம்தான். உங்கள் கீழ்ப்பக்கத்துக்கு நீங்கள் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

எனக்கு இதைவிடப் பிடித்த கதை இன்னொன்று. 1966இல் ஏ.எம்.டி. நிறுவனம் எண்டர்பிரைஸை சிறு கிட்டாகக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே தொடருக்கு ஓர் உடைந்த கப்பல் தேவைப்பட்டது. புதிதாகச் செய்யக் காசில்லை. அந்தக் கடை கிட்டையே எடுத்து, சுட்டுச் சிதைத்து, கான்ஸ்டலேஷன் என்று பெயர் வைத்துப் படம் பிடித்தார்கள். எண்டர்பிரைஸின் எண் 1701. சிதைந்த கப்பலின் எண் 1017. டெகால் என்ற ஒட்டுப்படத் தாளில் இருந்த அதே இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டியதுதான்! பிள்ளைகளுக்கு விற்ற பொம்மை, தொலைக்காட்சியில் நிஜக் கப்பலாக ஓடியது. இதற்குப் பிறகும் யாராவது உங்களிடம் அசல் நிறம், அசல் தகடு என்று பேசினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, அவர்கள் பொம்மை கப்பலாகத் தெரிந்தது, உங்களுடையது ஏன் தெரியவில்லை?

1/144 என்ற எண்ணைப் பெட்டியில் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். பெயின்ட் டப்பாவைத் திறக்கும்போதுதான் அது ஞாபகம் வர வேண்டும். அந்த அளவில் ஓர் ஆள் 12 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தருகே நிற்க வைத்தால் கிட்டத்தட்ட நகத்தின் உயரம்தான். இப்போது உங்கள் இரண்டாவது படத்தைப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே வாஷ் தேங்கி அரை மில்லிமீட்டர் கறுப்புக் கோடு ஓடுகிறது. நிஜக் கப்பலில் அது ஏழு சென்டிமீட்டர் இடைவெளி. அந்த ஆள் மேலே ஏறி நடந்தால் கால் தடுக்கும். ஓரங்களில் நீங்கள் தேய்த்த வெள்ளி ஒரு மில்லிமீட்டர் இருக்கும், அதாவது பதினான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து பளபளக்கும் உலோகம். இப்படி ஒரு கப்பல் பறக்காது, பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

கண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் "இது சின்னது" என்று உடனே தெரிந்துவிடும். கோடு தடிமனானால் கப்பல் சிறுக்கும். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றைத்தான்.

அதனால் கறுப்பை ஒதுக்கி வையுங்கள். வெளிர் சாம்பல் உடம்புக்கு, அதே சாம்பலில் கொஞ்சம் பழுப்பு சேர்த்த வாஷ் போதும். கோட்டின் ஒரு முனையில் தூரிகை நுனியால் ஒரு பொட்டு வைத்தால் போதும், பள்ளம் தானாக இழுத்துக்கொண்டு ஓடும். பார்க்க அவ்வளவு இதமாக இருக்கும். முழுக்க ஊற்றித் துடைக்கிற வேலை வேண்டாம். ஓரங்களுக்கு வெள்ளிக்குப் பதிலாக, அடிநிறத்தையே ஒரு படி வெளுப்பாக்கித் தேய்க்கலாம். ஏற்கெனவே ஊற்றியதை என்ன செய்வது என்பீர்கள். மேலே மேட் அடித்துவிட்டதால் வாஷ் உள்ளே பூட்டிக்கொண்டது, இனி துடைத்தால் வராது. அடிநிறத்தைப் பால் போலில்லை, மோர் போலில்லை, கழுநீர் போல நீர்க்கக் கரைத்து மேலே ஒரு கை ஓட்டுங்கள். கறுப்பு ஒரு அடுக்கு பின்னால் போகும். காய்ந்ததும் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு கை.

வாஷ் பற்றிப் பேச்சு வந்ததால் என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரி பசையில்லாத ரோபோ கிட் ஒன்றுக்கு எனாமல் வாஷைத் தாராளமாக ஊற்றினேன். பெயின்டைக் கரைக்கும் தின்னர் மூட்டுகளுக்குள் இறங்கி நின்றது. காலையில் எழுந்து பார்த்தால் ரோபோ குப்புறக் கிடக்கிறது, முழங்கால் இரண்டாக விண்டிருக்கிறது. அழுத்திப் பொருத்தும் கிட்களில் ஒவ்வொரு மூட்டும் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் ஊறினால் விரிசல் விடும். மொழுமொழுவென்று ஒரு கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான வார்னிஷ், அடித்துக் காயவிட்ட பிறகுதான் வாஷ் தொட வேண்டும், அதுவும் பொட்டுப் பொட்டாக. கிட்டைக் குறை சொல்லி நான் அன்று யாரிடமோ அரை மணி நேரம் பேசினேன். தப்பு என்னுடையது.

விபூதிக்கு மருந்து எளிது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். மழை நாளின் ஈரம் அங்கே படிந்து, வார்னிஷுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் மேலே ஒரு கிளாஸ் கோட் அடித்தால் பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். பிறகு அதேபோல ஒரு வெயில் நாளில் மேட். ஐப்பசி, கார்த்திகையில் நான் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டு மாதமும் வெட்டுவது, உப்புத்தாள் போடுவது மட்டும்தான்.

பெயின்ட் அடிக்காமல் செய்தால் ஏமாற்றா என்ற கேள்விக்கு: 1980இல் பண்டாய், கண்டம் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரின் ரோபோவை முதல் கிட்டாக 300 யென்னுக்கு விற்றபோது அதற்குப் பசையும் வேண்டும், பெயின்டும் வேண்டும். இன்று நிறத்தைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்த்துத் தருகிறார்கள். அந்த வசதியை உங்களுக்காகத்தான் செய்தார்கள், தாராளமாக அனுபவியுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே புகுந்து திரும்பும், மெழுகு போல ஒரு மினுக்கம் இருக்கும். பொம்மைக் களை பாதி அதனால்தான். வேறு எதுவும் செய்யாமல் மேட் கோட் மட்டும் ஒழுங்காக அடித்தாலே அந்தப் பாதி போய்விடும்.

ஏர்பிரஷ் வேண்டாம். இருந்தால் நல்லது, சுத்தம் செய்யும் நேரத்தில் இன்னொரு கிட் முடித்துவிடலாம் என்பது தனி. ஜப்பானில் கோவ் யோகோயாமா என்று ஒரு கலைஞர். 1982இல் ஹாபி ஜப்பான் இதழில் எஸ்.எஃப்.3டி என்ற தொடரைத் தொடங்கினார், பிறகு அது மாஷினென் க்ரீகர் என்று பெயர் மாறியது. டாங்க், விமான, கார் கிட்களின் உதிரிகளிலிருந்து அவர் கட்டிய கவச உடைகளும் வாகனங்களும் பின்னால் தனி கிட்களாகவே வந்தன, இப்போது ஹசெகாவா நிறுவனம் 1/20 அளவில் போடுகிறது. தூரிகையால் பூசுவதற்குப் பேர்போனவர் யோகோயாமா. தூரிகைத் தடம் தெரியும். தெரிந்தால்தான் அழகு, மழையில் நனைந்து ஆறிய லாரிக் கதவு போல இருக்கும். அடுத்த கிட் வாங்குவதாக இருந்தால் இதில் ஒன்றை வாங்குங்கள். நகல் எடுக்க ஒரு சினிமா பின்னால் நிற்காததால் எந்த நிறம் அடித்தாலும் யாரும் கேட்க முடியாது.

கறை விழும் திசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண்ணெய்க் கறையை எட்டுத் திக்கிலும் இழுத்திருக்கிறீர்கள். விண்வெளியில் மழை ஏது, காற்று ஏது, கறை எந்தப் பக்கம் ஒழுகினால் என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பார்க்கிற கண் பூமியில் வளர்ந்த கண். லாரியும் விமானமும் பார்த்துப் பழகியது. முன்னாலிருந்து பின்னால் என்று ஒரே திசையில் இழுத்தால் அது நம்பிவிடும். எல்லாத் தகடும் ஒரே அளவு அழுக்காக இருப்பதையும் அது நம்பாது. ஃபால்கனில் சில தகடுகள் துருச்சிவப்பு, சில மங்கிய மஞ்சள், சில அடர் சாம்பல், மிச்சமெல்லாம் வெளுத்த வெள்ளை. எங்கேயோ யாரோ மாற்றிப் போட்ட தகடு, கிடைத்த நிறத்தில் போட்டது. நம் ஊர் பஸ்ஸின் பம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படம் எடுப்பதிலும் ஒரு வேலை இருக்கிறது. ட்யூப்லைட்டின் கீழ், மேலிருந்து குனிந்து, போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்திருக்கிறீர்கள். உலகத்தில் எந்தக் கப்பலும் அதில் பொம்மைதான். பின்னால் ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வைத்து, அறை விளக்கை அணைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு மேஜை விளக்கு. போனைத் தள்ளி வைத்து ஸூம் செய்யுங்கள், கப்பலின் மட்டத்துக்கும் கொஞ்சம் கீழே இறங்கி எடுங்கள். சினிமாக்காரர்களும் பாதி வேலையை விளக்கால்தான் செய்தார்கள்.

கடைசியாக, மூன்றாவது படம். ஓட்டுநர் அறைக்குப் பக்கத்தில், பெயின்ட் காயும் முன் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள் போல. கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, அப்படியே பதிந்திருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். 144ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மீட்டர். கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள், வெள்ளிக் கோட்டையும் விட்டுவிடுங்கள். அதை மட்டும் 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுத்துவிட்டு, அந்த ஒரு தகட்டுக்கு மட்டும் துருச்சிவப்பு அடியுங்கள். மாற்றிப் போட்ட தகடு என்று சொல்லிக்கொள்ளலாம்.