சேவைக்குக் கூப்பிட்டால், யாருக்கு என்று கேள்

தங்கச்சி, நீ எழுதிக் கொடுத்த தாளை அம்மா என்னிடம் கொடுத்தார். பிப்ரவரியில் மெல்பர்ன் போகிறாய், ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தாதிமை படிக்கப் போகிறாய் என்று தெரிந்துகொண்டேன். கல்லூரியின் ஆன்மீகப் பணிக்குழுவான கேம்பஸ் மினிஸ்ட்ரியில் எப்படிச் சேர்வது, என்ன சேவை செய்யலாம், சான்றிதழ் கிடைக்குமா, தமிழ்ப் பூசை உண்டா, ஹாஸ்டலா வாடகை அறையா, குளிருக்கு என்ன வாங்குவது என்றெல்லாம் கேட்டிருந்தாய். மெல்பர்னிலிருந்து மலேசியா வந்த கையோடு அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போய்வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே முன்பு ரப்பர்ப் பால்மரம் நின்ற இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள். அதற்குப் பின்னால் செம்பனை.

ஹாஸ்டலா வாடகையா என்பதை உன் வயதுப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகத் தேடுவீர்கள். மினிஸ்ட்ரியில் சேர்வதும் பெரிய காரியமில்லை. முதல் வாரத்தில் எல்லாச் சங்கங்களும் மேசை போட்டிருக்கும். அங்கே போய்ப் பெயர் எழுது, அவ்வளவுதான். பூசையில் வாசகம் படிக்கலாம், பாடலாம், தியானத்துக்குப் போகலாம். தவக்காலத்தில் திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸின் உண்டியல் பெட்டி வைப்பார்கள், நம் ஊரில் வைப்பதுபோலத்தான். பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம், அங்கே அது பொது விடுமுறை. பெயரில்தான் கத்தோலிக்கம், உன் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

நான் நிறையப் பேச வேண்டியது சேவையைப் பற்றி.

நான் போனது 2003-இல். இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கிறேன், ஒரு தமிழ்க் குடும்பம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "நம்ம பிள்ளைம்மா நீ. சனிக்கிழமை ஏழைகளுக்குச் சமைக்கிறோம், சேவைக்கு வா." தமிழில் ஒருவர் கூப்பிட்டதே போதும், அழுகை வந்துவிட்டது. போனேன். முதல் வாரம் சாப்பாடு உண்மையாகவே ஏழைகளுக்குப் போனது. அடுத்த வாரம் பாதி போனது. அப்புறம் யார் யாரோ வீட்டுப் பிறந்தநாளுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் போனது. அவர்கள் கேட்டரிங் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்க நான்கு மாதம் ஆனது. அண்டாவுக்குள் தலையை விட்டு, குளிர்ந்த தண்ணீரில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டியிருக்கிறேன். விரல் மூட்டெல்லாம் வெடித்து, கையெழுத்துப் போடும்போது தாளில் ரத்தம் ஒட்டும். கடைசியில் ஒரு டப்பாவில் மீந்த குருமாவைக் கொடுத்து, "ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்று அனுப்பிவைப்பார்கள்.

இதில் விசா சிக்கலும் இருக்கிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், 2023 ஜூலையிலிருந்து இந்தக் கணக்கு. எங்கள் காலத்தில் வாரத்துக்கு 20. லாப நோக்கமில்லாத அமைப்பில் காசு வாங்காமல் செய்யும் உண்மையான தொண்டு இதில் சேராது. ஒருவர் வியாபாரத்துக்குப் பாத்திரம் கழுவினால் அது வேலைதான். சம்பளம் தராதது அவர் குற்றம், மாட்டிக்கொண்டு முழிப்பது நீ. அதனால் யார் சேவைக்குக் கூப்பிட்டாலும், எந்த அமைப்பு, யாருக்குப் போகிறது என்று கேள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் ஆட்கள் என்ற ஒரே காரணத்துக்காக யார் மடியிலும் போய் விழாதே. தமிழ்ப் பூசை உண்டு, போ, நானும் போகிறேன். இலங்கைத் தமிழர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒன்றுமில்லாமல் வந்து தங்கள் ஊர் மடு மாதா திருவிழாவை அங்கேயும் கொண்டாடுகிறவர்கள். கேரளத்துச் சீரோ மலபார்க் கத்தோலிக்கர்கள் கெட்டிக்காரர்கள், 2013-லேயே மெல்பர்னில் தங்களுக்கென்று தனி மறைமாவட்டம் வாங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்கள், "மலேசியாவா? தமிழ் நல்லா பேசறீங்களே!" என்பார்கள். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவளிடம்! நாம் மலேசியக்காரர்கள் சத்தே சுடவும் பூப்பந்து ஆடவும் ஒன்றுகூடுவோம், வேறு எதற்கும் கூடமாட்டோம். இன்னொரு கூத்து பன்னாட்டுப் பூசை. ஒரு பங்குக் கோவிலில் என்னைச் சேலை கட்டிவரச் சொல்லி, மலேசியா என்பதால் மன்றாட்டை மலாயில் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். மறுவருஷம் யாரையும் கேட்காமல் தமிழில் படித்துவிட்டு இறங்கினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சேவை என்றால் என்ன என்பதை நான் வின்சென்ட் தே பவுல் தொண்டுச் சபையின் சூப் வண்டியில், வீடில்லாதவர்களுக்கு ராத்திரியில் சாப்பாடு கொடுக்கும் வண்டியில்தான் கற்றேன். அந்தச் சபையைத் தொடங்கியது சாமியார் இல்லை, தெரியுமா? பாரிசில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபிரடெரிக் ஓசானாம், 1833-இல் கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். அன்றைக்குத்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. உன் வயதுதான்.

முதல் நாள் ராத்திரி ஒரு பெரியவர் தேநீருக்கு மூன்று சர்க்கரை கேட்டார். கலக்கிக்கொண்டே, "உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டுவிட்டேன். வண்டியை நடத்திய அம்மா என் முழங்கையை மெல்லத் தொட்டு, "பெயரை மட்டும் கேள், மற்றதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்" என்றார். அடுத்த வாரம் அவர் வாய் திறக்கும் முன்னே மூன்று சர்க்கரையைப் போட்டு நீட்டினேன். பல்லில்லாத வாயால் அப்படி ஒரு சிரிப்பு!

அந்த அம்மா சொன்னது எனக்குப் புதிதில்லை, மறந்திருந்தேன். எனக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்தார். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து நான்கு பேர் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். அரிசி மூட்டை, எண்ணெய், ஒரு மைலோ டின். ஜெபமாலை முழுவதும் என் கண் அந்தப் பச்சை டின்னில்தான். முடிந்ததும் டின்னை என் கையில் கொடுத்து, "சிரிம்மா" என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். அம்மா பால்வெட்டிலிருந்து வந்த சட்டையோடு பின்னால் நின்றார். அந்த மைலோவை நான் குடிக்கவே இல்லை, தம்பிதான் குடித்துத் தீர்த்தான். பல வருஷம் கழித்து வண்டிக்கு வந்த நம் நாட்டுப் பையன் ஒருவன் சாப்பாடு வாங்குகிறவர்களைப் படமெடுக்கப் போனைத் தூக்கினான். பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, விடியும்போதுதான் கொடுத்தேன். கோபித்துக்கொண்டான். கோபிக்கட்டும்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றால், பிள்ளைகளோடு பழகுவதற்கான அரசாங்கச் சோதனை அட்டை வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தொண்டர்களுக்கு அது இலவசம். நிறுவனங்களில் நடந்த சிறார் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை அரச ஆணையம் விசாரித்தது, அதில் திருச்சபையின் வண்டவாளமும் வெளியே வந்தது. அதனால் விதிகளை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊர் ஞாயிறு வகுப்பில் கன்னத்தைக் கிள்ளுவதுபோலக் கிள்ளிவிடாதே.

எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் ஆட்டாதே. தாதிமைப் படிப்பில் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி உண்டு, சம்பளம் கிடையாது, விடியற்காலை ஷிப்டும் வரும். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் மேரி மெக்கிலப் என்ற கன்னியரை நினைத்துக்கொள். உன் கல்லூரி இருக்கும் ஃபிட்ஸ்ராயில்தான் 1842-இல் பிறந்தார். சொன்னதற்குப் பணியவில்லை என்று 1871-இல் ஓர் ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார், மறுவருஷம் அந்தத் தடை நீங்கியது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் ஆனார்.

சான்றிதழை விடு. வேலைக்கு மனுப் போடும்போது உன்னைத் தெரிந்த ஒருவர் பெயரைக் கேட்பார்கள். ஒரு வருஷம் உன்னைப் பார்த்தவர் போனில் இரண்டு நிமிடம் நல்லதாகச் சொன்னால் போதும்.

குளிர்கோட்டு வாங்காதே. நான் ஜூலைக் குளிரில் விமானம் ஏறியபோது போட்டுவந்தது அம்மா வீட்டு ஆணியில் தொங்குகிறது. வியர்த்துக் கொட்டும் ஊரில் அதைப் பார்த்துப் பார்த்து அம்மா சிரிக்கிறார். வின்சென்ட் தே பவுல் கடையில் 12 டாலருக்கு எடுத்தது. எனக்கு அங்கே இன்னொன்று இருக்கிறது, இதை விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு நாள் பசியாற வந்து எடுத்துக்கொள். இடது பையில் ஓட்டை, சில்லறை போடாதே.