மொராக்கோவில் விருந்துக்கு அமரும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் முதன்முறையாக மொராக்கோ செல்லவிருக்கிறோம். இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். அங்கே பட்டினி கிடக்க நேருமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சைவம் என்றால் நாம் நினைப்பது ஒன்று, அங்குள்ள சமையற்காரர் நினைப்பது வேறொன்று. உணவகங்களில் காய்கறித் தஜீன் என்று தருவார்கள். கூம்பு வடிவ மூடியிட்ட மண்சட்டியில், எழும் ஆவியே மீண்டும் நீராக இறங்கிக் காயை வேகவைக்கும் அருமையான பண்டம் அது. இறைச்சித் துண்டு அதில் இராது என்பது உறுதி. இறைச்சி வேகவைத்த நீர் இராது என்பது உறுதியில்லை. ஹரீரா என்னும் சூப்பும் அப்படித்தான்: தக்காளியும் பருப்பும் கொண்டைக்கடலையும் மிதப்பதைப் பார்த்தால் கெட்டியான பருப்பு ரசம் போலத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் சிறு சிறு ஆட்டிறைச்சித் துண்டுகள் அடியில் கிடக்கும். ஆகவே ‘பிலா ல்ஹம்’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேளுங்கள். கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டென்பதால் ‘பிலா த்ஜாஜ்’ என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

காலையுணவில் உங்களுக்குக் குறையே இராது. மைதாவும் ரவையும் சேர்த்துப் பிசைந்த மாவை எண்ணெய் தொட்டுக் காகிதம் போல விரித்து, நான்காக மடித்து, கல்லில் சுட்டெடுக்கும் ம்ஸெம்மனை நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் யாரேனும் பார்த்தால் தம் தொழில் இங்கே எப்படி வந்தது என்று கேட்பார். பக்ரீர் என்பது ஒருபுறம் மட்டும் வெந்து, மறுபுறம் முழுதும் துளைகளாகப் பூத்த ரவை ஆப்பம். வெண்ணெயும் தேனும் அத்துளைகளில் இறங்கிவிடும். சிலர் இதில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலக் காலைகளில் உழைப்பாளிகள் விரும்பிக் குடிக்கும் பிஸாரா, உலர்ந்த அவரையினப் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் சீரகத் தூளும் தூவித் தருவது. கத்தரிக்காயும் தக்காளியும் பூண்டும் மசித்த ஸாலூக்கைச் சுவைத்தால், புளி சேர்க்க மறந்த கொத்சு என்று உங்களுக்குத் தோன்றக்கூடும்.

காரம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இட்லிப் பொடி எடுத்துச் செல்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் யார் வீட்டிலாவது விருந்துக்கு அமர்ந்திருக்கையில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: அங்கே வீடுகளில் எல்லோரும் ஒரே தட்டில் கைவிட்டு உண்பார்களாமே? எச்சில் பார்க்கும் பழக்கத்தில் வளர்ந்த நான் எப்படிச் சமாளிப்பது? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் ஊருக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே வந்து சென்ற உலகப் பயணி இப்னு பதூதா மொராக்கோவின் டான்ஜியர் நகரத்துக்காரர், அவர் நம் பக்கத்து உண்ணும் முறைகளை உற்றுப் பார்த்து எழுதினார், இப்போது நம் முறை. ஒரே தட்டு என்பது உண்மைதான். ஆனால் எச்சில் படாமல் காக்கும் ஒழுங்கு அந்தத் தட்டிலேயே அமைந்திருக்கிறது, முதல் நாளில் அது நம் கண்ணில் படுவதில்லை. உணவுக்கு முன் கெண்டியும் கிண்ணமும் கொண்டுவந்து கைக்கு நீர் வார்ப்பார்கள். வீட்டுக்காரர் ‘பிஸ்மில்லா’ என்று சொன்ன பிறகே கை நீளும். வட்ட ரொட்டியைப் பிய்த்து, வலக்கையின் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களுமாக அதைக் கொண்டே குழம்பையும் காயையும் வளைத்தெடுத்து ஒரே வாயாக உண்ண வேண்டும். கடித்த ரொட்டியை மறுபடி தோய்ப்பதும், இடையில் விரலை நக்குவதும் நாகரிகமல்ல. தட்டில் உங்களுக்கு நேர் எதிரே உள்ள பகுதி மட்டுமே உங்களுடையது.

இதை நான் ஃபெஸ் நகரில் ஒரு வெள்ளிக்கிழமை விருந்தில் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். குவித்து வைத்த கூஸ்கூஸின் மறுபக்கத்தில் பளபளத்த பரங்கிக்காய்த் துண்டை எட்டி எடுக்கப் போனேன். அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டை மெல்லத் தள்ளிவிட்டு, அதே துண்டைத் தம் விரலால் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நல்ல துண்டு விருந்தாளியிடம் தானாக வந்து சேரும், அதற்காகக் கை நீட்ட வேண்டியதில்லை என்பது அப்போது புரிந்தது. நடுவில் உள்ள இறைச்சியையும் வீட்டுக்காரரே பிய்த்துப் பங்கிடுவார்.

அந்தக் கூஸ்கூஸ், ரவையை நீர் தெளித்து உருட்டி, கொதிக்கும் குழம்பின் ஆவியில் புட்டுப் போல அவித்து, எடுத்துக் கையால் உதிர்த்து, மீண்டும் இரண்டு மூன்று முறை அவிப்பது. ஜும்ஆ தொழுகை முடிந்து குடும்பம் கூடும் வெள்ளி மதியத்துக்கு உரியது. அல்ஜீரியா, மௌரித்தானியா, துனிசியா ஆகிய நாடுகளோடு சேர்ந்து மொராக்கோ இதை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றியது. பெரியவர்கள் உள்ளங்கையில் உருண்டை பிடித்து உண்பார்கள். உங்களுக்குக் கரண்டி கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் தவறாக எண்ணுவதில்லை. வயிறு நிறைந்த பின்னும் ‘கூல், கூல்’ என்று சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். ‘அல்ஹம்துலில்லா’ என்று சொல்லி நெஞ்சில் கை வையுங்கள்; இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு வருவது புதினாத் தேநீர். சீனத்துப் பச்சைத் தேயிலையும் புதினாக் கொத்தும் சர்க்கரைக் கட்டியும் ஒரே கூஜாவில் சேரும். முதல் குவளையை ஊற்றி மீண்டும் கூஜாவிலேயே கவிழ்த்துக் கலக்கி, பிறகு நம் டீக்கடைக்காரர் ஆற்றுவது போல உயரத்திலிருந்து நுரை எழ வார்ப்பார்கள். இதை மறுப்பது விருந்தை மறுப்பது போலாகும். சர்க்கரை நோயுள்ளவர்கள் ‘பிலா ஸுக்கர்’ என்பதை அடுப்பேற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை குவளையில் அல்ல, கூஜாவிலேயே விழுந்துவிடுகிறது.

கேள்வி: விடுமுறை ரமலான் மாதத்தில்தான் கிடைக்கிறது. பயணத்தைத் தள்ளிப் போடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தள்ளிப் போடத் தேவையில்லை, ஆனால் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும். முஸ்லிம் ஒருவர் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நோன்பை முறிப்பது அந்நாட்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. பிற சமயத்துப் பயணிகளுக்கு அது பொருந்தாவிட்டாலும், தெருவில் நடந்துகொண்டே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதே மரியாதை. அந்த ஒரு மாதம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் உண்டு. ரயில், விமான நேரங்களை மறுமுறை பாருங்கள். சூரியன் மறையும் வேளையில் தெருக்கள் வெறிச்சோடி, அரை மணியில் பேரீச்சம்பழமும் ஹரீராவும் தேனில் ஊறிய ஷெபாக்கியா என்னும் இனிப்புமாக ஊரே விழித்தெழும். அதற்காகவே அந்த மாதத்தில் போகலாம் என்பேன்.

கேள்வி: மசூதிகளைப் பார்க்கவும் சந்தையில் படம் எடுக்கவும் தடை உண்டா? (வாசகி, சேலம்)

பதில்: பெரும்பாலான மசூதிகளில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. 1993இல் திறக்கப்பட்ட காசாபிளாங்காவின் இரண்டாம் ஹஸன் மசூதி விதிவிலக்கு. வழிகாட்டியோடு உள்ளே சென்று பார்க்கலாம். மர்ராகேஷின் ஜமா அல் ஃப்னா சதுக்கத்தில் பாம்பாட்டியைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள், தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்களை அனுமதி கேட்டே எடுங்கள். காவலர்களையும் ராணுவத்தினரையும் எடுக்கவே கூடாது. ஃபெஸ் நகரின் பழைய சந்தில் படம் எடுக்க நின்றிருக்கும்போது ‘பாலாக்!’ என்று பின்னாலிருந்து குரல் கேட்டால், திரும்பிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே சுவரோடு ஒட்டி நில்லுங்கள். இருபுறமும் பொதி பிதுங்கிய கோவேறு கழுதை வந்துகொண்டிருக்கும்.