தாலி கட்டினார், பதிவு செய்யவில்லை: நான் மனைவியா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவரோடு பழக்கம். இருவரும் இந்து, சாதி வேறு. 2018-ல் நண்பர் வீட்டில் நாலைந்து பேர் முன்னால் மாலை மாற்றி, தாலி கட்டினார். ஐயர் இல்லை, பதிவும் இல்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். ஊருக்குப் போனவர் இப்போது, “சும்மா சேர்ந்துதானே இருந்தோம்” என்கிறார். வேறு பெண் பார்க்கிறார்களாம். எனக்கு என்ன உரிமை?

பதில்: “சேர்ந்து இருந்தோம்” என்பது அவருக்கு வசதியான வார்த்தை. தமிழ்நாட்டுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலம் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்த பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மாலை மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. அன்று இருவருக்கும் திருமண வயது ஆகி, வேறு துணை இல்லாதிருந்தால் நீங்கள் மனைவிதான். பதிவு கட்டாயம் என்று 2009 சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் பதிவு செய்யாததால் மட்டும் இந்து திருமணம் செல்லாமல் போகாது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். அன்று எடுத்த போட்டோ, சாட்சிக்கு வரக்கூடிய நண்பர்கள், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் என்று இருப்பதையெல்லாம் திரட்டுங்கள். நீங்கள் அவருடைய மனைவி என்று அறிவிக்கவும், அவர் மறுமணம் செய்யத் தடை கேட்டும் குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம். மீறிக் கட்டினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. அந்த வழக்கில் மட்டும் முதல் திருமணத்துக்கு ஆதாரம் கறாராகக் கேட்பார்கள். ஜீவனாம்ச வழக்கில் அவ்வளவு கறார் இல்லை.

சரி, தாலி கட்டியதை நீதிமன்றம் நம்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, “திருமணத்தை ஒத்த உறவு” என்று ஒன்றை ஏற்கிறது. கோவையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 2010-ல், அதற்கு அளவுகோல் வகுத்தார்கள்: ஊரார் முன் கணவன் மனைவி போல, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; இருவரும் மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். வார இறுதியில் வந்துபோகும் உறவு இதில் அடங்காது. உங்களுடையது அடங்கும் என்றே நினைக்கிறேன். பணமும் கேட்கலாம், வீட்டிலிருந்து துரத்தக்கூடாது என்ற உத்தரவும் கேட்கலாம். ஆனால் அவருடைய சொத்தில் வாரிசுரிமையும் குடும்ப ஓய்வூதியமும் மனைவிக்குத்தான், இந்த உறவுக்கு வராது. அதனால்தான் முதலில் திருமணத்தையே நிரூபிக்கப் பாருங்கள் என்கிறேன்.

மகள் விஷயத்தில் இந்தச் சந்தேகமே இல்லை. பெற்றோருக்குத் திருமணம் நடந்ததோ இல்லையோ, குழந்தைக்குத் தகப்பன் ஜீவனாம்சம் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 125-வது பிரிவு; அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) இப்போது 144-வது பிரிவு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்துக் கேளுங்கள். அப்பாவே இல்லை என்று சொன்னால் டி.என்.ஏ. பரிசோதனை கேட்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்கள் ஒரு தொகையைக் கொடுத்து முத்திரைத்தாளில் “இனி சம்பந்தம் இல்லை” என்று எழுதி வாங்க வருவார்கள். அது விவாகரத்து ஆகாது. குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்து எழுத உங்களுக்கே அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். போனில் இருக்கும் தாலி கட்டிய படத்தை இன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.